ஏற்காட்டில் உறங்கும் பூட் துரை

சேலத்திலிருந்து மலை ஏறி ஏற்காடு போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். சேர்வராயன் கோவிலுக்குப் போவார்கள். ஆனால், ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் உள்ள ஒரு கல்லறையைப் பலர் பார்ப்பதில்லை.

அது ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயருடைய கல்லறை. தமிழ்நாட்டில் ஆதி மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் அவரே.

பூட் 1834-ம் ஆண்டு இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858-ம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த ஊரில் என்ன பாறை இருக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதவேண்டும். அதுதான் அவர் வேலை. படம் வரைவதிலும் அவர் கெட்டிக்காரர்.

பல்லாவரத்தில் கிடைத்த கல்

1863-ம் ஆண்டு மே 30-ந்தேதி, பல்லாவரத்தில் சரளைக்கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் பூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மற்றவர்களுக்கு அது வெறும் கல். அவரோ, அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டுகொண்டார். பிரான்சு நாட்டில் கிடைத்த இத்தகைய கற்கள் ஆதி மனிதனின் ஆயுதங்களே என்று அறிஞர்கள் 1859-ல் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி பூட்டுக்குத் தெரியும்.

அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற நண்பருடன் போய், திருவள்ளூர் பக்கம் அதிரம்பாக்கத்திலும் கல் ஆயுதங்களைக் கண்டார். அந்த இடத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது!

எதற்காகப் படம்?

தாம் கண்ட ஆயுதங்களைப் பற்றிப் பூட் கட்டுரை எழுதினார். அதில் படங்களும் இடம்பெற்றன. அவை அழகுக்காக வரைந்தவை அல்ல. கல்லில் எந்த இடத்தில் அடி விழுந்தது, சில்லு எந்தப் பக்கம் தெறித்தது என்பதையெல்லாம் காட்டுபவை.

அந்தக் கல்லைச் செதுக்கியவனின் பெயர் தெரியாது. அவன் பேசிய பேச்சு தெரியாது. அவனுக்குக் கல்லறையும் கிடையாது. அவன் கை அடித்த அடி மட்டும் கல்லில் நிற்கிறது. அதைக் கோடு கோடாக வரைகிறவர், செத்துப்போனவனின் கைவேலையைத் திரும்பப் படிக்கிறார்.

மாமனாரும் மருமகனும்

பூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்து அச்சிட்டவர். 1882-ல் ஏற்காட்டில்தான் காலமானார். மாமனார் மக்கள் வாய்ச்சொல்லைச் சேர்த்தார். மருமகன் கல்லைச் சேர்த்தார். இருவரும் காப்பாற்றியது பழைய மனிதர்களின் நினைவையே.

மலையில் கடைசிக் காலம்

1891-ல் பூட் ஓய்வு பெற்றார். பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கும் வேலை செய்தார். முதுமையில் ஏற்காட்டில் வீடு அமைத்துக்கொண்டார்.

சேர்வராயன் மலையிலும் வழவழப்பான கற்கோடரிகள் கிடைத்தன. மலை மக்கள் அவற்றைப் பொறுக்கி வந்து, பிள்ளையார் சன்னிதியில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். யார் செய்த கல் என்று தெரியாவிட்டாலும், அது சாதாரணக் கல் அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

1904-ல் பூட்டின் சேகரிப்பைச் சென்னை அரசாங்கம் வாங்கியது. ஆயிரக்கணக்கான பொருள்கள்! எது எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதிவைத்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. ஊர் தெரியாத கல், முகவரி கிழிந்த கடிதம் மாதிரி. அவற்றையெல்லாம் தேடி எடுத்தவர் போய்விட்டால் பிறகு யாரைக் கேட்பது? எனவே அந்த முதிய வயதிலும் பூட் உட்கார்ந்து, ஊர்வாரியாக ஒவ்வொன்றையும் பற்றி எழுதினார்.

1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந்தேதி, தமது 78-வது வயதில் கல்கத்தாவில் காலமானார். அச்சான புத்தகத்தை அவர் பார்க்கவில்லை. அது 1914-லும் 1916-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. பழைய இடங்களைத் தேடுகிற ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் அது வழிகாட்டி. பூட் சேர்த்த கற்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் வீட்டுப் பரணிலும் பழைய பொருள்கள் இருக்கும். அவை யாருடையவை, எங்கிருந்து வந்தவை என்பது தாத்தா பாட்டிக்குத்தான் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது.