கப்பலேறாத பேராசிரியர்: விக்டர் கோல்ட்ஸ்மித்தின் வாழ்வு

1942 நவம்பர் 26. ஒஸ்லோ துறைமுகத்தில் 'டொனாவ்' என்ற ஜேர்மன் கப்பல் நின்றுகொண்டிருந்தது. நோர்வேயில் கைதுசெய்யப்பட்ட யூதர்கள் 500க்கும் மேற்பட்டோர், பிள்ளை குட்டிகளோடு, அதில் ஏற்றப்பட்டார்கள். கப்பலும் பிறகு ரயிலுமாக அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடம் அவுஷ்விட்ஸ். உயிரோடு திரும்பியவர்கள் மிகச் சிலர். துறைமுகம் வரை கொண்டுவரப்பட்ட 54 வயதுப் பேராசிரியர் ஒருவரைக் கடைசி நேரத்தில் பொலிஸார் தனியே பிரித்தெடுத்தார்கள். அவருடைய அறிவு நாட்டுக்குப் பயன்படும் என்று சக விஞ்ஞானிகள் வாதாடியிருந்தார்கள்.

அவர் விக்டர் மொரிட்ஸ் கோல்ட்ஸ்மித். புவி இரசாயனத்தின் தந்தை என்று பாடநூல்கள் சொல்லும் மனிதர். இன்று பெரொவ்ஸ்கைற்று வகைப் புதிய செரமிக் பொருளொன்றைச் செய்ய முயல்பவர்கள் பலர், உலையை மூட்டும் முன்னரே இவருடைய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துறைமுகக் கதை தெரியும்?

1888இல் சூரிச்சில் பிறந்தார். தந்தை ஹென்ரிக் கோல்ட்ஸ்மித்தும் இரசாயனப் பேராசிரியர். தந்தைக்குப் பதவி கிடைத்ததால் 1901இல் குடும்பம் நோர்வேக்கு வந்தது. 23 வயதில் கலாநிதிப் பட்டம், 26 வயதில் பேராசிரியர். முதலாம் உலகப் போரில் இறக்குமதி தடைப்பட்டபோது, நாட்டுக்குள் என்ன மூலப்பொருள் கிடைக்கும் என்று தேடும் ஆய்வுகூடம் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்துதான் அவருடைய பெரிய வேலை தொடங்குகிறது.

அவரைக் குடைந்த கேள்வி இதுதான்: ஒரு மூலகம் ஏன் ஒரு கனியத்தில் சேர்கிறது, இன்னொன்றில் சேரவில்லை? பதிலைத் தேடி, அவரும் உதவியாளர்களும் மலைக்கல்லை மட்டும் நம்பியிருக்கவில்லை. கனியங்களைப் போன்ற சேர்வைகளை ஆய்வுகூடத்திலேயே செய்தார்கள். ஒட்சைட்டுத் தூள்களைக் கலந்து அதிக வெப்பத்தில் சுட்டால், உருகாமலேயே ஒன்றோடொன்று தாக்கமுற்றுப் புதிய ஒட்சைட்டு உருவாகும். அதன் தூளை எக்ஸ் கதிரில் வைத்தால் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் தெரியவரும். செய், அள, பதிந்துவை. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 200 சேர்வைகள் இப்படி அளக்கப்பட்டன. லந்தனம் தொடக்கம் லுற்றீசியம் வரை போகப்போக அயன்கள் சுருங்குவதை விளக்கி, 'லந்தனைட்டு ஒடுக்கம்' என்று பெயரிட்டவரும் இவரே.

1926இல் அயன்களின் ஆரைகளை அட்டவணையாக வெளியிட்டார். ஒட்சிசன் அயனுக்குப் பின்லாந்து விஞ்ஞானி வசஷ்யேர்னா கண்டிருந்த 1.32 அங்ஸ்ட்ரோம் என்ற பெறுமானத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். பளிங்கின் வடிவத்தைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது அயன்களின் பருமன் என்பது அவர் முடிவு.

இதைப் பெரொவ்ஸ்கைற்றை வைத்து விளக்கலாம். அது கல்சியமும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்த ஒட்சைட்டு. தைத்தானியத்தைச் சுற்றி ஆறு ஒட்சிசன்கள். அந்தக் கூடுகள் மூலையோடு மூலை தொட்டு நிற்க, இடையில் விழும் வெற்றிடத்தில் கல்சியம் குந்தியிருக்கும். குந்துகிற அயன் அந்த இடத்துக்கு அளவாக இருக்கிறதா? மூன்று ஆரைகளை வைத்து இதைச் சொல்ல ஓர் எளிய விகிதத்தைக் கொடுத்தார் கோல்ட்ஸ்மித். விடை 1க்குக் கிட்ட வந்தால் அமைப்பு நிற்கும். அதிகம் குறைந்தால் வேறு அமைப்பு. கல்சியத்தின் இடத்துக்குச் சிறிய இரும்பு அயன் வந்தால் பெரொவ்ஸ்கைற்று கிடைக்காது, இல்மனைற்றுத்தான் கிடைக்கும். நம்முடைய புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணலாகக் கிடப்பது அதுவே.

பேரியம் பெரிது. அது உட்கார்ந்தால் கூடு விரிந்து, நடுவிலுள்ள தைத்தானியம் அசைய இடம் கிடைக்கும். பேரியம் தைத்தனேற்றின் மின் குணம் அந்தச் சிறிய அசைவில் இருக்கிறது. உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் நுண்ணிய கொள்ளளவிகளில் பெரும்பாலானவை அந்தச் செரமிக்கினால் ஆனவை.

1929இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. நாசிகள் வந்த பிறகு, 1935இல், யூதர்களை வரவேண்டாமென்னும் பலகைகள் அங்கே முளைத்தன. பதவியை விட்டுவிட்டு வயதான தந்தையோடு ஒஸ்லோவுக்குத் திரும்பினார். இரண்டு வருடத்தில் தந்தை இறந்தார். கோல்ட்ஸ்மித் மணம் முடிக்கவில்லை.

நோர்வேயில் மலைமலையாகக் கிடைக்கும் ஒலிவின் என்ற பச்சைக் கனியத்தைக் கொண்டு உலைகளுக்கு வெப்பம் தாங்கும் செங்கல் செய்யலாமென்று காட்டியதும் அவர்தான். பயனுள்ள மனிதர் என்ற பெயர் இப்படித்தான் சேர்ந்தது.

1940இல் ஜேர்மன் படைகள் நோர்வேக்குள் வந்தன. அவர் சட்டைப்பையில் சயனைட் வைத்திருந்ததாகவும், தனக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்ட சக பேராசிரியரிடம், இது இரசாயனப் பேராசிரியர்களுக்கு மட்டும், பொறியியல்காரர் கயிற்றைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பகிடி விட்டதாகவும் சொல்வார்கள். சயனைட்டோடு வாழ்ந்தவர்களை அறிந்த நமக்கு அந்தப் பகிடிக்கு முழுதாகச் சிரிக்க முடிவதில்லை.

1942 ஒக்டோபரில் கைதாகி பேர்க் முகாமில் அடைக்கப்பட்டார். நோய் காரணமாக விடப்பட்டு, நவம்பரில் மீண்டும் பிடிக்கப்பட்டார். அதன் பிறகுதான் அந்தத் துறைமுகம். அவரைக் காப்பாற்றியது அவருடைய அறிவு என்று கட்டுரைகள் பெருமையோடு எழுதுகின்றன. எனக்கு அதில் பெருமை தோன்றவில்லை. பயன் இருப்பதாக நிரூபிக்க முடியாத தையற்காரர்களும் குழந்தைகளும் அதே கப்பலில் ஏறினார்கள்.

டிசம்பரில் எதிர்ப்பியக்கத்தினர் அவரை எல்லை கடத்தி சுவீடனுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கிருந்து 1943 மார்ச்சில் பிரித்தானியாவுக்கு. அபர்டீனிலும் பிறகு ரொதம்ஸ்டெட்டிலும் மண் ஆய்வு நிறுவனங்களில் வேலை செய்தபடி, நோயோடு, தன் பெரிய நூலை எழுதினார். 1946இல் ஒஸ்லோ திரும்பினார். 1947 மார்ச் 20இல், 59 வயதில், நூல் முடியாமலேயே இறந்தார். நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அது கிடைக்கவில்லை. 'புவி இரசாயனம்' என்ற அந்த நூலை அலெக்ஸ் மியூர் பதிப்பித்து 1954இல் வெளிவரச் செய்தார்.

சாம்பலை வைப்பதற்கான கலசத்தை அவர் முன்னரே செய்வித்து வைத்திருந்தார். பச்சை நிற நோர்வே ஒலிவினில்.