மரியா சபினா

மரியா சபினா (ஜூலை 22, 1894 - நவம்பர் 22, 1985) மெக்சிகோ நாட்டின் வஹாக்கா மாநிலத்தில் வாழும் மசடெக் பழங்குடியைச் சேர்ந்த மருத்துவப் பெண்மணி ஆவார். புனிதக் காளான்களைக் கொண்டு இவர் நடத்திய இரவுச் சடங்குகளால் உலக அளவில் அறியப்பட்டார்.

வாழ்க்கை

வவுட்லா டெ ஹிமெனெஸ் என்னும் மலை ஊரின் அருகே பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வறுமையில் வளர்ந்தார். எழுதப் படிக்க அறியாதவர். மசடெக் மொழி மட்டுமே பேசினார். கணவர் இருவரையும் இழந்தவர். தம் தங்கை நோயுற்றபோது காளான் சடங்கு நடத்தி அவரைக் குணப்படுத்தினார். அப்போது கண்ட காட்சியில் அறிவின் நூல் ஒன்று தமக்கு அளிக்கப்பட்டதாக நம்பினார்.

நோய் பற்றிய நம்பிக்கை

மசடெக் மக்களின் நம்பிக்கையில் நோய் என்பது உடலின் குறைபாடு மட்டுமன்று. ஆவி உடலை விட்டு நீங்குதல், இடத்தெய்வங்களின் சினம், சூனியம் ஆகியவையும் நோய்க்குக் காரணங்களாகும். காளான்களை உண்ட மருத்துவர், நோயின் காரணத்தைக் கண்டறிந்து, இரவு முழுதும் பாடிக் குணப்படுத்துவார். இவர் காளான்களைப் புனிதக் குழந்தைகள் என அழைத்தார். கத்தோலிக்க சமயத்தையும் பின்பற்றிய இவருடைய பாடல்களில் கிறித்தவப் புனிதர்களும் இடம்பெற்றனர்.

வெளியுலகத் தொடர்பு

1955 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஊர் அதிகாரி ஒருவரின் வேண்டுகோளை ஏற்று, அமெரிக்க வங்கியாளர் கார்டன் வாசனைச் சடங்கில் கலந்துகொள்ளச் செய்தார். வாசன் 1957 இல் லைஃப் இதழில் இவரது பெயரை மாற்றிக் கட்டுரை எழுதினார். எனினும் இவர் விரைவில் அடையாளம் காணப்பட்டார். 1958 இல் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார்.

1960களில் வெளிநாட்டு இளைஞர்கள் வவுட்லாவில் குவிந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். இதனால் ஊரார் மரியா சபினா மீது சினம் கொண்டனர். இவரது வீடு தீக்கிரையானது. காவல்துறையின் விசாரணைக்கும் உள்ளானார். வெளியார் வருகைக்கு முன் நோய் தீர்க்கவே காளான்கள் உண்ணப்பட்டன என்றும், பின்னர் அவை தம் ஆற்றலை இழந்துவிட்டன என்றும் வருந்தினார். இவர் கூறிய வாழ்க்கை வரலாற்றை மசடெக் எழுத்தாளர் ஆல்வரோ எஸ்த்ராடா 1977 இல் நூலாக வெளியிட்டார்.

இறப்பு

இறுதி வரை வறுமையில் வாழ்ந்த மரியா சபினா, வஹாக்கா நகரில் 1985 இல் காலமானார். இவரது உருவம் பதித்த சட்டைகளும் நினைவுப் பொருட்களும் பின்னர் மெக்சிகோவில் பெருமளவில் விற்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.