ஆர்க்காட்டுக்கு அழுத எட்மண்டு பர்க்

மேலைநாட்டு அரசியலில் ஒரு விந்தையான உறவு உண்டு. ஒருவர் பழமைவாதி. மன்னர், மாதாகோயில், குலப்பெருமை, முன்னோர் வழக்கம் — இவற்றிலே கை வைக்காதே என்பார். மற்றவர் தனிமனித சுதந்திரவாதி. மனிதனை அவன் போக்கில் விடு, வாணிபத்திலே சர்க்கார் தலையிடாதே, வரியைக் குறை என்பார். முன்னவருக்குக் கட்டுப்பாடு உயிர். பின்னவருக்குக் கட்டு என்றாலே கசப்பு. எலியும் பூனையுமாக இருக்க வேண்டியவர்கள்! ஆனால் 1950-களில் அமெரிக்காவில் இருவரும் ஒரே பத்திரிகையில் எழுதினர். 1979-ல் இங்கிலாந்தில் தாட்சர் அம்மையாரையும், 1980-ல் அமெரிக்காவில் ரீகனையும் இருவரும் சேர்ந்தே தூக்கிப் பிடித்தனர்.

எப்படி ஒட்டிற்று இந்த உறவு? விடை வேண்டுவோர் இரு சாராரும் பாட்டன் என்று உரிமை கொண்டாடும் ஒருவருடைய வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். அவர்தான் எட்மண்டு பர்க்.

அவர் சீமான் வீட்டுப் பிள்ளை அல்ல. அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1729-ல் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர், புராட்டஸ்டண்டு. தாய் கத்தோலிக்கர். கத்தோலிக்கன் ஓட்டுப் போடக் கூடாது, உத்தியோகம் பார்க்கக் கூடாது என்று ஆங்கில ஆட்சி சட்டம் போட்டு அடக்கி வைத்திருந்த காலம் அது. தாய்வழி உறவினர் படும் இழிவைக் கண்ணாரக் கண்டு வளர்ந்தார் பர்க். டப்ளின் டிரினிடி கல்லூரியில் படித்தார். 1750-ல் லண்டன் சென்றார். சட்டம் படிக்கப் போனவர், பேனாவைப் பிடித்தார்.

1756-ல் பெயர் போடாமல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அரசாங்கம் என்பதே மனித குலத்தின் பகை என்று அந்த நூல் வாதாடியது. போர்களிலே மாண்டோர் கணக்கைப் போட்டுக் காட்டியது. சுரங்கத்தின் இருட்டிலே மடியும் இலட்சம் தொழிலாளரைச் சுட்டிக் காட்டியது. அடுத்த ஆண்டே, அது கேலிக்காக எழுதியது, மதத்தைத் தாக்கிய போலிங்புரோக் பிரபுவின் வாதமுறையை அரசின் மீது திருப்பி, அதன் அபத்தத்தைக் காட்டவே எழுதியது என்று முன்னுரை போட்டார். ஆனால் கேலி என்று சொன்ன பிறகும் வில்லியம் காட்வின் 1793-ல் அதன் வாதத்தில் வலிமை கண்டார். 1958-ல் அமெரிக்கச் சுதந்திரவாதி முரே ராத்பார்டு, அது கேலியே அல்ல, உள்ளத்தில் இருந்ததையே எழுதினார் என்று கட்டுரை தீட்டினார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. எனினும், பழமைவாதத்தின் தந்தை எழுதிய நூலை அரசே வேண்டாம் என்போர் தம்முடையது என்று கொண்டாடியது உண்மை.

1766 தொடக்கத்தில் பார்லிமெண்டில் நுழைந்தார். ராக்கிங்காம் பிரபுவின் விக் கட்சி. பெரும் நிலப்பிரபுக்களின் கட்சி அது. 1768-ல் கடன் வாங்கி பீகன்ஸ்பீல்டு அருகே ஒரு பெரும் பண்ணை வாங்கினார். அன்று முதல் அவருடைய காலில் கடன் என்ற சங்கிலி. உடன் இருந்ததோ சீமான்களின் தோழமை.

அவருக்கு உரிய புகழை மறைப்பது நமக்கு அழகல்ல. அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது மன்னர் ஜார்ஜ் வாள் உருவியபோது, வேண்டாம், சமாதானம் பேசு என்று 1775-ல் மணிக்கணக்கில் வாதாடினார். பிரிஸ்டல் நகர வணிகர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்கள் முகம் சுளித்தும், அயர்லாந்து வாணிபத்தின் விலங்கை அவிழ்க்கவும், கத்தோலிக்கருக்கு நீதி வழங்கவும் குரல் கொடுத்தார். விளைவு? 1780-ல் அந்தத் தொகுதியை இழந்தார்.

அடுத்து வருவது நம்முடைய மண்ணின் கதை. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி கடனில் மூழ்கியிருந்தார். கடன் கொடுத்தவர்கள் யார்? சென்னைக் கோட்டையில் கம்பெனிச் சம்பளம் வாங்கிய வெள்ளையர்கள். அவர்களில் முதல்வன் பால் பென்பீல்டு. கடனுக்கு ஈடு நிலவரி. அதாவது உழவனுடைய நெல். 1773-ல் கம்பெனிப் படையின் துணையோடு நவாபு தஞ்சையைப் பிடித்தார். கம்பெனியின் கட்டளைப்படி 1776-ல் தஞ்சையை மன்னரிடம் திருப்பித் தந்த கவர்னர் பிகட்டை அவருடைய கவுன்சில் உறுப்பினர்களே சிறைப்பிடித்தனர். காவலிலேயே மாண்டார் அவர். தஞ்சை வரியின் மீது பென்பீல்டுக்கு இருந்த கண் அத்தகையது!

1784-ல் பிட்டின் மந்திரிசபை, இந்தக் கடன்கள் மெய்யா பொய்யா என்று விசாரியாமலே, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 4,80,000 பவுன் ஒதுக்கி அடைக்க உத்தரவிட்டது. 1785 பிப்ரவரி 28-ல் பர்க் எழுந்தார். இது கடனல்ல, கொள்ளை என்றார். பத்திரமும் கையெழுத்தும் இருந்தால் திருட்டு ஒப்பந்தமாகிவிடுமா என்ற பொருள்பட இடித்துரைத்தார். பண்டை மன்னர்கள் வெட்டிய ஏரிகளை, கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகளைப் பற்றிப் பேசினார். ஐதரலியின் படையெடுப்பில் நாடு எரிந்ததைச் சொன்னார். கண் காணாத சீமையில் இருந்துகொண்டு நம் ஏரிகளுக்காக அழுத மனிதர் அவர். அவருடைய நெருங்கிய நண்பர் வில்லியம் பர்க் தஞ்சை மன்னரின் முகவராக இருந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் பேச்சில் இருந்த நியாயம் நியாயமே. தீர்மானம் தோற்றது. பிற்காலத்தில் ஆர்க்காட்டுக் கடன்களை ஆராய்ந்த கமிஷன், வந்த கோரிக்கைகளில் மிகப் பெரும்பகுதி போலி என்று தள்ளியது.

பிறகு வாரன் ஹேஸ்டிங்ஸ் வழக்கு. 1788-ல் தொடங்கி 1795 வரை ஏழாண்டுகள் நடத்தினார். ஹேஸ்டிங்ஸ் விடுதலை அடைந்தார். பர்க் தளரவில்லை.

இப்படிப்பட்டவர்தான் 1789-ல் பாரிசின் ஏழைகள் பாஸ்டில் சிறையை உடைத்தபோது திடுக்கிட்டார். 1790 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சியைச் சாடிப் பெரும் நூல் எழுதினார். மன்னர், பிரபு, மதகுரு — இவர்கள் தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. அறிவை மட்டும் நம்பி அதைப் பிய்த்தெறிந்தால் இரத்த வெள்ளமும், முடிவில் ஒரு படைத்தலைவனின் ஆட்சியும்தான் மிஞ்சும் என்றார். நெப்போலியன் வந்தபோது அந்தக் கணிப்பு பலித்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே நூலில் பாமர மக்களைப் பன்றிக் கூட்டத்துக்கு ஒப்பிட்டார். இங்கிலாந்துத் தொழிலாளி அதை மறக்கவில்லை. பன்றி என்ற பெயரையே தலைப்பில் சூட்டி மலிவுப் பத்திரிகைகள் கிளம்பின. செருப்புத் தைக்கும் தாமஸ் ஹார்டி, வாரம் ஒரு பென்னி சந்தாவில் 1792-ல் லண்டனில் சங்கம் கண்டார்.

உள்ளாடை தைக்கும் தொழில் கற்ற தாமஸ் பெயின் பதில் நூல் எழுதினார். இந்தப் பெயினும் சுதந்திரவாதியே. அரசாங்கம் சுருங்க வேண்டும் என்றவரே. ஆயினும் 1792-ல் வந்த இரண்டாம் பாகத்தில், 50 வயது கடந்த ஏழைக்கு ஆண்டுக்கு 6 பவுன், 60 கடந்தவருக்கு 10 பவுன், ஏழைக் குழந்தைக்கு 4 பவுன் என்று திட்டம் வகுத்தார். பெருநிலக்காரனுக்கு ஏறுவரி என்றார். சுதந்திரத்துக்கும் சோற்றுக்கும் பகை இல்லை என்று காட்டினார். சர்க்கார் அவர் மீது வழக்குப் போட்டு, அவர் நாட்டில் இல்லாதபோதே குற்றவாளி என்றது.

வந்தது 1795. விளைச்சல் பொய்த்தது. ரொட்டி விலை ஏறிற்று. கூலி ஏறவில்லை. மே மாதம் பெர்க்ஷயர் நீதிபதிகள் ஸ்பீனம்லாந்தில் கூடி, ரொட்டி விலைக்கு ஏற்ப ஏழைக் குடும்பத்துக்கு உதவி என்று முடிவு செய்தனர். டிசம்பரில் விட்பிரெடு குறைந்தபட்சக் கூலி மசோதா கொண்டுவந்தார். அந்த நவம்பரில்தான் பர்க் பிரதமர் பிட்டுக்கு ஒரு குறிப்பு எழுதினார். உழைப்பும் ஒரு சரக்கு. சந்தை சொல்வதே அதன் விலை. பண்ணைக்காரன் நலனும் கூலிக்காரன் நலனும் ஒன்றே. வாணிபத்தின் விதி இயற்கையின் விதி, ஆதலால் கடவுளின் விதி. கூலியால் வாழ முடியாதவனுக்குத் தருமம் உண்டு, சட்டம் இல்லை. சர்க்கார் கையை எடுக்கட்டும். குறிப்பின் சாரம் இதுதான். அது திடீர் மனமாற்றமும் அல்ல. 1772-லேயே தானியத்தை முன்கூட்டி வளைத்து வாங்குவதைத் தடுத்த பழைய சட்டங்கள் நீங்க உழைத்தவர் அவர்.

இதை எழுதியபோது அவர் யார்? தம் தொண்டுக்காகச் சர்க்காரிடம் ஓய்வூதியம் பெற்றவர்! பெட்போர்டு கோமகன் அதைக் குத்திக் காட்டியபோது 1796-ல் சீறிப் பதில் எழுதினார். உன் மூதாதை மன்னனிடம் தானமாகப் பெற்ற நிலத்தைவிட என் ஊதியம் நேர்மையானது என்பது அதன் சாரம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே கேள்வியைக் கூலிக்காரன் பண்ணைக்காரனைப் பார்த்துக் கேட்கக் கூடாதா?

இங்கேதான் பசை இருக்கிறது, தோழர்களே! பழமையையும் சந்தையையும் பர்க்கின் உள்ளத்தில் ஒட்ட வைத்தது சொத்து. பழமை, சொத்துக்குக் காலத்தின் முத்திரை. சந்தை, சொத்துக்குக் கடவுளின் முத்திரை. எங்கும் அடக்குமுறையை எதிர்த்தார் என்று அவருடைய அன்பர்கள் சொல்வர். உண்மைதான். மன்னரின் முத்திரையோடு வந்த அதிகாரத்தை அமெரிக்காவில் கண்டார். கம்பெனிக் கொடியோடு வந்த அதிகாரத்தை ஆர்க்காட்டில் கண்டார். கூட்டத்தின் ஈட்டியோடு வந்த அதிகாரத்தைப் பாரிசில் கண்டார். ஆனால், பட்டினியைக் காட்டிப் பண்ணைக்காரன் கூலியைப் பேசுவதும் ஓர் அதிகாரமே என்பது, அவருடைய பண்ணை வேலிக்கு அப்பால் வேலை செய்தவனுக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

1794-ல் ஒரே மகனை இழந்த துயரோடு, 1797 ஜூலை 9-ல் பீகன்ஸ்பீல்டில் மறைந்தார். 1953-ல் ரஸ்ஸல் கிர்க் அவரைப் பழமைவாதத்தின் முதல்வராக வைத்து நூல் எழுதினார். 1960-ல் ஹாயெக், தாம் பழமைவாதி அல்ல என்று கட்டுரை எழுதிவிட்டு, பர்க் இருந்த பழைய விக் அணியிலே தம்மைச் சேர்த்துக்கொண்டார். இருவரும் எடுத்தது ஒரே பர்க்கை.

நாம் எடுக்க வேண்டியது எது? ஆர்க்காட்டுப் பேச்சை எடுப்போம். பத்திரத்துக்குப் பின்னால் யார் பலம் நிற்கிறது என்று பார்க்கக் கற்றுத் தந்தது அது. சுதந்திரம் என்று ஒருவர் மேடை ஏறினால், யாருடைய சுதந்திரம், அதற்கு யார் வயிறு விலை என்று கேட்போம். ஆலை வாயிலிலும் வயல் வரப்பிலும் அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.