கறிவேப்பிலையின் பெயரில் ஒரு தரங்கம்பாடி டாக்டர்: செடிகளுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் யார்?

சாம்பாரில் தாளித்துப் போடும் கறிவேப்பிலைக்கு அறிவியல் பெயர் ஒன்று உண்டு. அதன் இரண்டாவது சொல் ‘கோனிகி’. 1768-ல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்த யோஹான் கோனிக்கின் நினைவாக வைக்கப்பட்டது அது. 1771-ல் அந்தப் பெயரைக் கொடுத்தவர் கோனிக்கின் ஆசிரியரான கார்ல் லின்னேயஸ். இந்தியப் பக்கமே வராத ஸ்வீடன்காரர்.

இன்று உலகம் முழுக்கச் செடிகளுக்கு வைக்கப்படும் அறிவியல் பெயர்கள் இவர் போட்ட ஃபார்மேட்டில்தான் இருக்கின்றன. ஒரு மனிதரால் இது எப்படி முடிந்தது?

1707-ல் தெற்கு ஸ்வீடனில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். லின்னேயஸ் என்பது பரம்பரைப் பெயர் இல்லை. அப்பா நில்ஸ் பல்கலைக்கழகத்தில் சேரும்போது ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட, சொந்த நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை வைத்து அவரே உருவாக்கிக்கொண்டார். மகனையும் பாதிரியாராக்க வேண்டும் என்று வீட்டில் ஆசை. பையனுக்கோ செடிகள்தான். கடைசியில் மருத்துவம் படிக்கப் போனார். மூலிகை தெரியாமல் அன்று டாக்டராக முடியாது என்பதால் அது தோதாகவும் இருந்தது.

1732-ல் வடக்கே லாப்லாந்துக்குப் பயணம். 1735-ல் நெதர்லாந்துக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு, தாது, தாவரம், விலங்கு மூன்றையும் சில பெரிய பக்கங்களுக்குள் அட்டவணையாக அடுக்கிய ‘சிஸ்டமா நேச்சுரே’ வெளியானது. வயது 28.

தாவரங்களை அவர் பிரித்த முறை இன்றைய டேட்டா ஆட்களுக்கு உடனே பிடிக்கும். பூவைக் கையில் எடு, மகரந்தத் தாள்களை எண்ணு. அந்த எண்ணிக்கையையும் தாள்கள் அமைந்திருக்கும் விதத்தையும் பார்த்து மொத்தம் 24 வகுப்புகள். அடுத்து சூலகத் தண்டுகளை எண்ணினால் உட்பிரிவு கிடைத்துவிடும். பெரிய படிப்பு தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். பூவின் ஆண், பெண் உறுப்புகளை வைத்துப் பிரிப்பது அந்தக் காலத்தில் சிலருக்கு ஆபாசமாகப் பட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இரண்டு தாள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மல்லிகை, மிளகு, ஆடாதோடை மூன்றும் ஒரே வகுப்பில் போய் உட்கார்ந்தன. மூன்றுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இது செயற்கையான முறை என்று லின்னேயஸுக்கே தெரியும். அடுத்த சில தலைமுறைகளில் அந்த 24 வகுப்புகளும் வழக்கொழிந்துவிட்டன.

நிலைத்தது பெயர்தான். அதற்கு முன் ஒரு செடியின் பெயரும் அதன் வர்ணனையும் ஒன்றாகவே இருந்தன. தக்காளி என்று சொல்ல, முள்ளில்லாத மென்மையான தண்டும், சிறகு போல் பிரிந்து வெட்டுப்பட்ட இலையும் கொண்ட சொலானம் என்று நீட்டி முழக்க வேண்டும். அதே ஜாடையில் புதுச் செடி ஒன்று கிடைத்தால் பழைய பெயரை இன்னும் நீட்ட வேண்டியதுதான். 1753-ல் வந்த ‘ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்’ நூலில் சுமார் 6,000 செடிகளுக்கு லின்னேயஸ் அந்த வர்ணனைகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். பேரினப் பெயரோடு இந்தச் சொல்லைச் சேர்த்தால் போதும்: சொலானம் லைகோபெர்சிகம். அந்த ஓரச் சொல் செடியை விவரிக்க வேண்டியதில்லை, அடையாளம் காட்டினால் போதும். ஆதார் எண் நம் உயரம், நிறம் எதையும் சொல்வதில்லையே, அதுபோல. தாவரப் பெயர்களின் அதிகாரபூர்வக் கணக்கு இன்றும் 1753 மே 1-லிருந்துதான் தொடங்குகிறது.

தகவல் வந்து குவிந்துகொண்டே இருந்தது. அதைச் சமாளிக்கப் பிற்காலத்தில் ஒரு இனத்துக்கு ஒரு காகிதச் சீட்டு என்று எழுதி, வேண்டியபடி வரிசை மாற்றினார். கிட்டத்தட்ட கார்டு இண்டெக்ஸ்!

அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்பதுதான் கதையின் மறுபக்கம். மாணவர்கள் கப்பலேறிப் போனார்கள், பலர் உயிரோடு திரும்பவில்லை. அவரிடம் படித்த கோனிக்கும் தரங்கம்பாடியிலிருந்து செடிகளை அனுப்பினார். இந்தியச் செடிகளுக்கு லின்னேயஸ் நம்பிய இன்னொரு ஆதாரம், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’. அதைத் தொகுத்தவர் டச்சு ஆளுநர் வான் ரீட். செடிகளையும் அவற்றின் பயன்களையும் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் கேரள வைத்தியர் இட்டி அச்சுதன். லின்னேயஸ் மேற்கோள் காட்டும்போது ரீடின் பெயர்தான் வரும், அச்சுதன் வரமாட்டார்.

பேரினப் பெயருக்குக் கிரேக்க, லத்தீன் வேர் வேண்டும், மற்றவை நாகரிகமற்றவை என்று 1730-களிலேயே லின்னேயஸ் விதி எழுதியிருந்தார். ஆனாலும் நம் சொற்கள் சில லத்தீன் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டன. மாமரத்தின் ‘மாங்கிஃபெரா’வில் மாங்காய் இருக்கிறது. ஆடாதோடை ‘ஜஸ்டிசியா ஆடாதோடா’ ஆனது, அதுவும் இரண்டாம் இடத்தில்தான். கறிவேப்பிலைக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. சுரிநாமில் அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற குவாசியின் பெயரை ‘குவாசியா’ என்று ஒரு பேரினத்துக்கே வைத்தவரும் இதே லின்னேயஸ்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மனிதர்களை அவர் வகைப்படுத்தியதை இப்படிச் சமன் செய்ய முடியாது. 1735-ல் கண்டத்துக்கு ஒன்றாக நான்கு வகை. 1758 பதிப்பில் குணத்தையும் ஒட்டவைத்தார்: ஐரோப்பியர் சட்டப்படி நடப்பவர், ஆசியர் பேராசைக்காரர், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கில் வாழ்பவர். தாள்களை எண்ணியது போல இதில் எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை. அட்டவணையில் ஏறியதாலேயே அது அறிவியல் போலத் தோற்றம் எடுத்தது. பிறகு வந்த இனவாதக் கோட்பாடுகளுக்கு அது அடித்தளமாகவும் ஆனது.

பிரபுப் பட்டம் கிடைத்து, பெயரும் கார்ல் ஃபான் லின்னே என்று மாறி, 1778-ல் உப்சாலாவில் இறந்தார். அவர் சேகரிப்பை ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டு போனார். இன்று அது லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருக்கிறது.

பெயர்களை யார் வைப்பது, எதை நீக்குவது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2024 ஜூலையில் மாட்ரிட்டில் கூடிய தாவரவியலாளர்கள், ஆப்பிரிக்கர்களை இழிவுபடுத்தும் ‘காஃப்ரா’ என்ற சொல்லை 200-க்கும் மேற்பட்ட இனங்களின் பெயரில் ‘ஆஃப்ரா’ என்று மாற்ற முடிவெடுத்தார்கள். ஆதரவு 351, எதிர்ப்பு 205. லத்தீன் எழுத்தில் பார்த்தால், போனது ஒரே ஒரு ‘சி’.