இசபெல் சான்ஃபோர்ட்: 64 வயதில் கிடைத்த எம்மி

அமெரிக்க டிவி உலகின் பெரிய விருது எம்மி. அதில் காமெடித் தொடரின் சிறந்த நாயகிக்கான விருதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண் இசபெல் சான்ஃபோர்ட். யார் இவர்?

1917-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே மேடை நாடகங்களில் நடித்தார். சினிமா வாய்ப்பு வந்தபோது 50 வயதை நெருங்கிவிட்டார். 1967-ல் ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ படத்தில் அவருக்குக் கிடைத்தது, வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண் வேடம்தான்.

1975-ல் தொடங்கிய ‘தி ஜெஃபர்சன்ஸ்’ அதைத் தலைகீழாக்கியது. டிரை கிளீனிங் தொழிலில் சம்பாதித்து, மன்ஹாட்டனின் சொகுசு அடுக்குமாடிக்குக் குடிபோகும் கறுப்பினக் குடும்பத்தின் கதை. கணவர் ஜார்ஜ் எகிறிக் குதிப்பார். மனைவி லூயிஸாக வந்த இசபெல், ஒரு பார்வையிலேயே அவரை அடக்கிவிடுவார். இந்த முறை அவர் வீட்டிலேயே வேலைக்கு ஆள் உண்டு! தொடர் 1985 வரை, 253 எபிசோடுகள் ஓடியது.

1981-ல் எம்மி வந்தபோது அவருக்கு வயது 64. 2004-ல் காலமானார். அதுவரை வேறு எந்தக் கறுப்பின நடிகைக்கும் அந்த விருது போகவில்லை. 2024 ஜனவரியில்தான் ‘அபாட் எலிமென்டரி’ தொடருக்காகக் குவின்டா பிரன்சன் அதை வாங்கினார்.

முதல் ஆள் ஜெயித்துவிட்டால் கதவு திறந்துவிட்டது என்றுதான் நினைப்போம். இங்கே இரண்டாவது ஆள் உள்ளே வர 42 வருஷம் ஆச்சு.