250 கோடி வயது தாத்தா!

குட்டீஸ்... உங்களை யாராவது, 'எப்சிலான்' என்று கூப்பிட்டால் கோபப்படாதீர்கள். கணிதத்தில், மிகச் சிறிய அளவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து அது. குழந்தைகளை எல்லாம் அப்படித்தான் அழைப்பார், கணித மேதை பால் ஏர்டோஷ்.

ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்டில், 1913ல் பிறந்தார். அதே சமயத்தில், அவரது அக்காக்கள் இருவரும் தொற்றுக் காய்ச்சலில் இறந்தனர். பயந்துபோன அம்மா, மகனைப் பல ஆண்டுகள் பள்ளிக்கே அனுப்பவில்லை. பாவம், வீட்டில் எண்கள் தான் விளையாட்டுத் தோழர்கள்! நான்கு வயதிலேயே, வந்தவர்களின் வயதைக் கேட்டு, அவர்கள் எத்தனை வினாடிகள் வாழ்ந்துள்ளனர் என்று மனக்கணக்காகச் சொல்லி விடுவார்.

ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணுக்கும், அதன் இரு மடங்குக்கும் நடுவே ஒரு பகா எண் கட்டாயம் இருக்கும். (10க்கும், 20க்கும் நடுவே 11, 13 இருக்கிறதே!) ரஷ்ய மேதை செபிஷேவ் சிரமப்பட்டு நிரூபித்த இதற்கு, மாணவராக இருந்தபோதே எளிய, அழகான நிரூபணம் கண்டுபிடித்து, 1932ல் வெளியிட்டார் ஏர்டோஷ். மிக அழகான நிரூபணங்களை, கடவுள் ஒரு புத்தகத்தில் எழுதி ஒளித்து வைத்திருப்பதாக வேடிக்கையாகச் சொல்வார்.

சொந்த வீடு கிடையாது. சூட்கேசும் கையுமாக நாடு நாடாகச் சுற்றி, 500க்கும் மேற்பட்டோருடன் சேர்ந்து, சுமார் 1,500 ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1996ல், போலந்தில் கணித மாநாட்டுக்குப் போன இடத்தில் இறந்தார். அப்போது வயது 83.

அவர் போட்ட கணக்கோ வேறு! சிறுவனாக இருந்தபோது, பூமியின் வயது 200 கோடி ஆண்டுகள் என்றனர். பிறகு, 450 கோடி என்றனர். அப்படியானால், தன் வயது 250 கோடி என்பார்!