கேட்டுப் பெற்ற பட்டம்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள பொக்கிப்சி என்னும் ஊரில் 1873ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் சாரா ஜோசபின் பேக்கர் பிறந்தார். தந்தை வழக்குரைஞர், வசதியான குடும்பம். புகழ்பெற்ற மகளிர் கல்லூரி ஒன்றில் சேர்ந்து படிப்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. அவருக்குப் பதினாறு வயதானபோது உடன்பிறந்தான் இறந்தான். சில மாதங்களுக்குள் தந்தையும் டைபாய்டு காய்ச்சலுக்கு இரையானார். குடும்பத்தைக் காக்கும் பொறுப்பு தமக்கே உரியது என உணர்ந்த ஜோசபின், மருத்துவம் படிக்க முடிவு செய்தார். தாயும் உறவினரும் திகைத்தனர். அவரோ வீட்டிலிருந்தபடியே வேதியியலும் உயிரியலும் தாமே கற்று நுழைவுத் தேர்வில் வென்றார். நியூயார்க் நகரின் மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவர் ஒரே ஒரு பாடத்தில் தோல்வியுற்றார். நலமாக உள்ள குழந்தையைப் பற்றிய பாடம் அது. கற்பித்தவர் மருத்துவர் ஆனி டேனியல். நோயைப் படிக்க வந்த இடத்தில் நோயில்லாக் குழந்தையைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று அதை அசட்டை செய்ததன் விளைவு அது. தோல்வி உறுத்தவே, மறுமுறை அப்பாடத்தை ஊன்றிக் கற்றார். பிற்காலத்தில் அவர் செய்த பணி முழுவதும் அந்தப் பாடத்திலிருந்தே முளைத்தது எனலாம். 1898ஆம் ஆண்டு பதினெட்டு மாணவியருள் இரண்டாம் இடம் பெற்றுத் தேறினார்.

நியூயார்க்கில் தனியே மருத்துவத் தொழில் தொடங்கினார். முதல் ஆண்டு முழுவதும் உழைத்து ஈட்டியது 185 டாலர் மட்டுமே. எனவே 1901ஆம் ஆண்டு தேர்வெழுதி, மாநகராட்சிச் சுகாதாரத் துறையில் மருத்துவ ஆய்வாளராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 டாலர். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் படியேறி இறங்கி, நோயுற்ற குழந்தைகளைத் தேடிக் காண்பதே பணி. கோடை வந்தால் வயிற்றுப்போக்கினால் பச்சிளங்குழந்தைகள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். இறப்பது இயல்பு என்றே தாய்மார்கள் எண்ணியிருந்தனர். 1907ஆம் ஆண்டு, டைபாய்டு கிருமியைத் தம்முள் சுமந்திருந்த மேரி மாலன் என்ற சமையற்காரப் பெண்ணைக் காவலர் துணையுடன் தேடிப் பிடித்தவரும் இவரே. தந்தையைப் பறித்த நோயை அவர் இவ்வாறு மீண்டும் எதிர்கொண்டார்.

1908ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஒரு சோதனை செய்து பார்த்தார். நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் மிக நெருக்கமான ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, முப்பது செவிலியரை அங்கே அனுப்பினார். குழந்தை பிறந்த செய்தி பதிவாகிய மறுநாளே செவிலியர் அவ்வீட்டிற்குச் செல்வர். தாய்ப்பால் கொடுத்தல், நாள்தோறும் நீராட்டல், சன்னலைத் திறந்து காற்று வரச் செய்தல், கோடைக்கேற்ற மெல்லிய உடை அணிவித்தல் ஆகியவற்றைத் தாய்க்குச் சொல்லிக் கொடுப்பர். மருந்தென்று ஏதும் இல்லை. கோடை முடிந்து கணக்குப் பார்த்தபோது, முந்தைய கோடையைவிட அவ்வட்டாரத்தில் 1,200 இறப்புகள் குறைந்திருந்தன.

அவ்வாண்டே குழந்தை நலப் பிரிவு தொடங்கப்பட்டு, அவர் அதன் தலைவரானார். பெண்ணின் கீழ்ப் பணிபுரிய மாட்டோம் என்று ஆண் மருத்துவர் அறுவர் பதவி விலக முற்பட்டனர். ஒரு மாதம் மட்டும் பொறுத்துப் பார்க்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். மாதம் முடிந்தபின் எவரும் விலகவில்லை. பச்சிளங்குழந்தைகளின் கண்ணில் இடும் மருந்து, புட்டியில் நாட்பட்டுச் செறிவு மிகுந்து கண்ணையே கெடுப்பதைக் கண்டு, ஒருமுறைக்குரிய அளவைத் தேன்மெழுகுக் குப்பியில் அடைத்துத் தரும் முறையைக் கொண்டுவந்தார். குழந்தைகள் நோயுறாமையால் தம் வருவாய் குறைகிறது என்று சொல்லி, இப்பிரிவை மூடக் கோரி புரூக்ளின் மருத்துவர்கள் சிலர் நகரத் தலைவருக்கு விண்ணப்பம் அனுப்பிய வேடிக்கையும் நடந்தது! பேக்கர் அதனைத் தமக்குக் கிடைத்த பாராட்டாகவே கொண்டார்.

1916ஆம் ஆண்டளவில், நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதார முனைவர் பட்டப் படிப்பு தொடங்கவிருந்தது. குழந்தை நலம் பற்றி விரிவுரையாற்றுமாறு கல்லூரி முதல்வர் வில்லியம் பார்க் பேக்கரை அழைத்தார். பார்க் சிறந்த நுண்ணுயிரியல் அறிஞர். சுகாதாரத் துறையில் பேக்கருடன் பணியாற்றியவர். பேக்கர் ஊதியம் பற்றி எதுவும் கேட்கவில்லை. தம்மையும் அப்படிப்பில் மாணவியாகச் சேர்த்தால் கற்பிப்பதாக மட்டும் கூறினார். கல்லூரி பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார் பார்க். அவ்வாறாயின் தாமும் கற்பிக்க இயலாது என்று பேக்கர் மறுத்துவிட்டார். கற்பிக்கத் தகுதி உண்டு, கற்கத் தகுதி இல்லை என்பது விந்தையான நெறிதானே? ஏறத்தாழ ஓராண்டு வேறொருவரைத் தேடியும், அத்துறையில் அவருக்கு நிகரானவர் கிடைக்கவில்லை. கல்லூரி இறங்கி வந்தது. பேக்கருக்கு மட்டுமன்றி வேறு சில பெண்களுக்கும் கதவு திறந்தது.

நாற்பது வயதைக் கடந்தவர், பெரிய பிரிவொன்றின் பொறுப்பைச் சுமந்துகொண்டே மாணவியானார். வகுப்பறைக் காற்றோட்டத்திற்கும் பள்ளிக் குழந்தைகளின் மூச்சுநோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆய்வுப் பொருளாகக் கொண்டார். 1917ஆம் ஆண்டு பட்டம் பெற்று, அக்கல்லூரியில் பொதுச் சுகாதாரத்தில் முனைவரான முதல் பெண்மணி ஆனார்.

விரிவுரை மேடை அவரை இனிதே வரவேற்கவில்லை. முதல் நாள் அவர் பேச வாய் திறந்ததும் மாணவர்கள் பெருஞ்சிரிப்புடன் ஓயாது கைதட்டத் தொடங்கினர். ஒரு சொல்லும் கேட்காதபடி அரங்கம் அதிர்ந்தது. சினந்தால் தோல்வி, வெளியேறினாலும் தோல்வி. அவர் தலையை நிமிர்த்தி அவர்களைவிட உரக்கச் சிரித்தார். ஆரவாரம் சட்டென்று அடங்கியது. அவர்கள் மனம் மாறுமுன் பாடத்தைத் தொடங்கினார். வகுப்பு முடியும்வரை அமைதி நிலவியது. முடிந்ததும் மீண்டும் அதே கைதட்டல்! பதினைந்து ஆண்டுகள் அவர் அங்குக் கற்பித்தார். ஒவ்வொரு வகுப்பும் கைதட்டலில் தொடங்கிக் கைதட்டலில் முடிந்தது.

1923ஆம் ஆண்டு அவர் பணி ஓய்வு பெற்றபோது, அமெரிக்கப் பெருநகரங்களுள் குழந்தை இறப்பு விகிதம் மிகக் குறைந்த நகராக நியூயார்க் விளங்கியது. 1939ஆம் ஆண்டு தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் இயற்கை எய்தினார்.